கூட்டத்துக்குப் போகும் அம்மாவும் நிறுத்திய மாத்திரையும்

தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் கேட்டதை, படிக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா பல வருடம் செவ்வாடை கட்டி மேல்மருவத்தூர் போய்வந்தவர். இப்போது இரண்டு வருடமாக ஒரு வீட்டில் நடக்கும் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே பைபிள் வசனமும் வருகிறது, சித்தர் பாட்டும் வருகிறது. நடத்துகிறவரை எல்லோரும் 'அப்பா' என்கிறார்கள். அவருக்குச் சாவு கிடையாது, உலகம் சீக்கிரம் முடியப்போகிறது, அவரோடு இருப்பவர்கள் ஒளி உடம்போடு தப்புவார்கள் என்று நம்புகிறார்கள். மூன்று மாதமாக அம்மா சர்க்கரை மாத்திரை போடுவதில்லை. 'இதையெல்லாம் ஒருத்தர் எப்படி நம்ப முடியும்? இது மூளைச்சலவையா? அம்மாவை எப்படி வெளியே கொண்டுவருவது?' என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கவலைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அம்மா நம்புவது விசித்திரமாக இருக்கிறதே என்பது ஒன்று. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது இன்னொன்று. முதல் கவலையை வைத்து இரண்டாவதை அளக்கிறீர்கள்: இவ்வளவு வினோதமாக நம்பினால் ஆபத்தும் அவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும் என்று. நான் சமூகவியல் படித்து, மதக் குழுக்களைப் பற்றி ஆய்வு செய்து, அதையே கல்லூரியில் பாடமாக நடத்தியவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன், இந்த அளவுகோல் உதவாது. நான் மருத்துவன் இல்லை; உங்கள் அம்மா போகும் கூட்டத்தையும் பார்த்ததில்லை. அதனால் எங்கே உறுதியாகப் பேசுகிறேன், எங்கே ஊகிக்கிறேன் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 'ஒளி உடம்பு'. அது அந்த 'அப்பா' புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்தவர் வள்ளலார் என்று நாம் கும்பிடும் இராமலிங்க அடிகள். 1823-ல் மருதூரில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னைக்கு வந்தவர். கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். திருவொற்றியூருக்கு நடந்து நடந்து போய் வடிவுடையம்மன் மேல் ஒரு மாலையே பாடினார். 1865-ல் சன்மார்க்க சங்கம், 1867-ல் வடலூரில் பசித்தவருக்குச் சோறு போடத் தருமச்சாலை, 1872-ல் ஞானசபை. 1874 ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. இதுவரை வரலாறு. அவர் உடம்பு ஒளியாகிவிட்டது என்பது அன்பர்களின் நம்பிக்கை. இந்த இரண்டையும் நான் கலக்க மாட்டேன், ஆனால் நம்பிக்கையைச் சிறுமைப்படுத்தவும் மாட்டேன். செத்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள், அருட்பெருஞ்ஜோதி வரும்போது அவர்கள் எழுந்திருப்பார்கள் என்று அவர் சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிற குடும்பங்கள் உண்டு.

இன்று தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவரை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் நிலைமை வேறு. அவர் பாட்டு அருட்பா இல்லை, மருட்பா, அதாவது மயக்கும் பாட்டு என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் தரப்பு எழுதியது. 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட் வரை சண்டை போனது. சாதி வேண்டாம், சாத்திரக் குப்பை வேண்டாம், சாவும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நூற்றைம்பது வருடம் ஓடியதும், தருமச்சாலையின் அணையாத அடுப்பும்தான் அந்தப் பேச்சை அடக்கின.

இன்னொன்று, மணலி புதுநகரில் இருக்கும் அய்யா வைகுண்டர் பதி, அதாவது அவரைப் பின்பற்றுகிறவர்களின் வழிபாட்டுத் தலம். நீங்கள் போனதில்லை என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். நெற்றியில் தீபச்சுடர் மாதிரி வெள்ளை நாமம். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். அதில் தெரிவது கும்பிடுகிறவரின் முகம். வைகுண்டர் 1809-லிருந்து 1851 வரை வாழ்ந்தவர், சாமித்தோப்புக்காரர். 1833-ல் திருச்செந்தூர்க் கடலுக்குள் போன மனிதன் வேறு, வெளியே வந்தது விஷ்ணு என்பது அவர்கள் நம்பிக்கை. கலியுகத்துத் தீமையின் உருவான கலியன் அழிவான், தர்மயுகம் பிறக்கும் என்று அவர்கள் புனித நூலான அகிலத்திரட்டு சொல்கிறது. திருவிதாங்கூர் மன்னர் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார் என்பது வரலாறு. வெளியிலிருந்து பார்த்தால் தலைப்பாகையும் கண்ணாடியும் புதிர் மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் தலையில் துணி கட்டக் கூடாது, இடுப்புக்கு மேலே உடுத்தக் கூடாது, தலைக்கும் குடிசைக்கும் வரி கட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கடவுள் முன்னாலேயே தலைப்பாகை கட்டு என்று ஒருவர் சொன்னபோது அந்த மக்களுக்குள் என்ன நடந்திருக்கும்! ஒரு குழுவின் வழக்கம் புரியவில்லை என்றால், அதற்கு முன்னால் அவர்களுக்கு என்ன மறுக்கப்பட்டிருந்தது என்று பார்ப்பேன். பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கும்.

அயோத்திதாசப் பண்டிதரும் அப்படித்தான். 1898-ல், பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் உதவியோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் பெரம்பூர்ப் பக்கமும் வேர் விட்டது. தாழ்த்தப்பட்டவர்கள்தான் இந்த மண்ணின் ஆதி பௌத்தர்கள் என்றார். தீபாவளியே பௌத்த பிக்குகள் எள்ளெண்ணெயைக் கண்டுபிடித்து மக்களுக்குக் கொடுத்த நாள் என்று எழுதினார். இதற்கு வரலாற்று ஆதாரம் போதாது என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் தன் தாத்தா காலத்திலிருந்து தீண்டப்படாதவன் என்று கேட்டு வளர்ந்த ஒரு பெரம்பூர்த் தொழிலாளிக்கு, 'நீ முதலில் யார் தெரியுமா' என்று இன்னொரு கதையைக் கொடுத்தது அது. அந்தத் தேவை உண்மையானது.

இதையெல்லாம் சொல்வது உங்கள் அம்மா போகும் கூட்டத்துக்கு நல்ல சான்றிதழ் கொடுக்க இல்லை. வடசென்னையில் ஒருவர் ஒளி உடம்பையும் யுக முடிவையும் நம்புவது ஆகாயத்திலிருந்து குதித்த விஷயம் இல்லை. இங்கே கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, தெருவுக்கு ஒரு ஜெப வீடு இருக்கிறது, சித்தர் பாட்டும், உலக முடிவைப் பேசும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷமும் ஒரே காதில் விழுகிற ஊர் இது. யாரோ அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

அடுத்தது மூளைச்சலவை. இதில் ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன. கொரியாவில் சன் மியுங் மூன் 1954-ல் தொடங்கிய ஒருமைப்பாட்டுச் சபை, ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு ஒரே இடத்தில் கல்யாணம் செய்துவைத்துப் பெயர் பெற்றது. அதில் சேர்ந்த இளைஞர்கள் மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்று எழுபதுகளில் மேல்நாடுகளில் பெரிய கூக்குரல். ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் வருடக்கணக்கில் அவர்களோடு பழகி 1984-ல் முடிவுகளை வெளியிட்டார். அந்தச் சபையின் பயிற்சி முகாமுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு வருடத்துக்குள் தாங்களாகவே விலகிவிட்டார்கள். மூளையைச் சலவை செய்யும் கருவி ஒன்று இருந்திருந்தால் கணக்கு இப்படி வந்திருக்காது. அதற்கு முன்பே, 1965-ல், லோஃப்லண்ட், ஸ்டார்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதே சபையின் ஆரம்பகால ஆட்களைப் பார்த்து எழுதியது இன்றும் செல்லுபடியாகிறது: போதனையைக் கேட்டு மனம் மாறிச் சேர்ந்தவர்கள் குறைவு. அங்கே ஏற்கெனவே ஒரு தோழியோ உறவோ கிடைத்து, வெளியே உறவுகள் தளர்ந்திருந்தவர்கள்தான் சேர்ந்தார்கள். நம்பிக்கை பிறகு மெதுவாக வந்தது.

நான் பார்த்ததும் இதுதான். அதனால்தான் 'அம்மா எப்படி இதை நம்புகிறார்' என்பதை விட, 'அம்மாவுக்கு அங்கே என்ன கிடைக்கிறது' என்று கேளுங்கள் என்கிறேன். செவ்வாடைக் காலத்தை யோசித்துப் பாருங்கள். மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். மாதவிலக்கு நாளிலும் தடை இல்லை. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வீட்டு வேலை பார்த்துத் திரும்பும் ஒரு பெண்ணை, வார வழிபாட்டு மன்றத்தில் 'சக்தி' என்று கூப்பிடுவார்கள். மந்திர நூலைக் கையில் கொடுத்து முன்னால் உட்காரவைப்பார்கள். ஆடிப்பூரத்துக்குக் கஞ்சிக் கலயம் தூக்குவது, இருமுடிக்கு ஆள் சேர்ப்பது, பஸ்ஸுக்குப் பணம் வாங்குவது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டில் யாரும் கருத்துக் கேட்காத பெண், மன்றத்தில் முடிவு எடுக்கிறாள். அந்த மதிப்பு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம், குறிப்பாக ஆண்கள், சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. மேல்மருவத்தூர் குரு பங்காரு அடிகளாரையே 'அம்மா' என்று கும்பிட்டவர்கள் அவர்கள். 2023 அக்டோபர் 19-ல் அவர் காலமானார். உங்கள் அம்மா அந்தச் சமயத்தை ஒட்டித்தான் வேறு கூட்டத்துக்கு மாறினாரா? மாறியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு குரு போன பிறகு அன்பர்களில் பெரும்பாலோர் அங்கேயே இருப்பார்கள், சிலர் நிலைகொள்ளாமல் தேடுவார்கள். ஆனால் இது என் ஊகம் மட்டுமே. வீட்டில் அதே சமயம் வேறு ஏதாவது நடந்திருக்கலாம்: ஒரு சாவு, ஒரு கல்யாணம், பிள்ளைகள் வேலைக்காக வேறு ஊர் போனது. நீங்களே யோசித்துப் பாருங்கள். முடிந்தால் அம்மாவிடமே கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல்.

'அப்பாவுக்குச் சாவு இல்லை', 'உலகம் முடியப்போகிறது' இரண்டையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பொய்த்துப்போகும் நாளில் அம்மா தானாகத் தெளிந்துவிடுவார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கரின் போதனையைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானவர்கள், 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பலர் கலைந்துபோனார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒரு பகுதி, அன்று நடந்தது பூமியில் அல்ல, பரலோகத்தில் என்று புது விளக்கம் கண்டது; அவர்களிலிருந்துதான் இன்று உலகம் முழுக்கப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்தும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை வந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவக் குழுவிடம் 1914, 1925, 1975 என்று எதிர்பார்ப்புகள் வந்து போயின, இயக்கம் நிற்கவில்லை. புட்டபர்த்தி சத்ய சாயிபாபா 96 வயது வரை இருப்பேன் என்று சொன்னதாக அன்பர்கள் நம்பியிருந்தார்கள். 2011-ல் 84 வயதில் அவர் மறைந்தபோது, அது சந்திர மாதக் கணக்கு என்று சிலர் கணக்குப் போட்டுச் சமாதானம் அடைந்தார்கள்.

இதைப் பற்றிப் பேசும்போது 1954 டிசம்பரில் சிகாகோ பக்கம் வெள்ளத்தையும் பறக்கும் தட்டையும் எதிர்பார்த்த ஒரு சிறு குழுவைப் பற்றிய ஆய்வை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள்: தீர்க்கதரிசனம் பொய்த்ததும் அவர்கள் நம்பிக்கை இன்னும் இறுகியது, பிரசாரம் கூடியது என்று. நானும் வகுப்பில் பாடமாகவே நடத்தியது அது. இப்போது அந்த ஆய்வாளர்களின் பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள், ஆய்வுக்கு என்று உள்ளே புகுந்த ஆட்களே நடப்பதைத் திசைமாற்றினார்கள், அந்தக் குழுவும் சீக்கிரமே நம்பிக்கையைக் கைவிட்டது என்று காட்டியிருக்கிறார்கள். அதனால் 'பொய்த்தால் நம்பிக்கை கூடும்' என்பதை விதியாகச் சொல்ல முடியாது. பொய்த்த அன்றே எல்லோரும் வெளியே வந்துவிட மாட்டார்கள் என்பது வரை சொல்லலாம்.

சரி, இனி ஆபத்து. 1978 நவம்பர் 18-ல் கயானா நாட்டுக் காட்டில், ஜோன்ஸ்டவுனில், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விஷத்தால் செத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுவர்கள். ஜிம் ஜோன்ஸின் சபை ஐம்பதுகளில் எப்படித் தொடங்கியது தெரியுமா? கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரும் சபை, ஏழைகளுக்குச் சோறு, முதியோருக்கு விடுதி. அரசியல்வாதிகள் பாராட்டினார்கள். அந்தப் போதனையைக் காகிதத்தில் கொடுத்திருந்தால் நீங்களும் நானும் நல்ல சபை என்றுதான் சொல்லியிருப்போம். ஆட்களின் சம்பளம், வீடு, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே ஆள் கைக்குப் போய், திரும்பி வர வழியில்லாத காட்டுக்குள் கொண்டுபோனதில்தான் ஆபத்து இருந்தது. 1995 மார்ச் 20-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவை விட்ட ஓம் சின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் குழுவில் இதய அறுவை மருத்துவரே இருந்தார், விஞ்ஞானம் படித்தவர்கள் இருந்தார்கள். படித்தவன் ஏமாற மாட்டான் என்பதற்கு அதற்கு மேல் மறுப்பு வேண்டாம்.

அதே சமயம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு குருவைப் பின்பற்றுகிறவர்கள் வாழும் மெய்வழிச்சாலையைப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரிக் கூரைக் குடிசையில் இருக்கிறார்கள், ஆண்கள் பிறை பதித்த தலைப்பாகை கட்டுகிறார்கள், பல சாதிகளிலிருந்து வந்தவர்கள் சாதியை விட்டுவிட்டு வாழ்கிறார்கள். தாங்கள் 'ஆண்டவர்' என்று அழைக்கும் அந்தக் குருவை ஏற்றவர் இறந்தால் உடம்பு விறைக்காது, நாறாது என்று நம்புகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட வினோதமான நம்பிக்கை வேண்டுமா? ஆனாலும் தலைமுறைகளாக யாருக்கும் தொந்தரவு இல்லாமல் அமைதியாக இருக்கிறார்கள். எதை நம்புகிறார்கள் என்பது முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்தை அது மட்டும் காட்டிக்கொடுக்காது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? கூட்டத்துக்கு ஒரு வாரம் போகாவிட்டால் அம்மா என்ன ஆகும் என்று பயப்படுகிறார் என்பதைக் கவனியுங்கள். போகாதவரை வீடு தேடி வந்து விசாரிப்பது அன்பு. கூட்டத்தை விட்டு விலகிப் போனால் உன் பிள்ளைக்கு விபத்து வரும் என்பது மிரட்டல். விலகியவர்கள் யாராவது இருக்கிறார்களா, அவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? விலகியவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கும் குழு என்றால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். பணம் எவ்வளவு என்பதைவிட, கணக்கு யாராவது கேட்க முடியுமா என்று பாருங்கள். நகை அடகுக்குப் போயிருக்கிறதா, வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறதா என்று சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை யாருக்காவது தான செட்டில்மென்டாக எழுதிப் பதிவு செய்துவிட்டால், பிறகு நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்ய முடியாது. 'அப்பா' யாரையாவது தனியாகக் கூப்பிடுகிறாரா, இளம்பெண்கள் அவர் வீட்டில் தங்குகிறார்களா என்பதையும் கேட்டறியுங்கள். குழந்தை சம்பந்தப்பட்ட எதுவும் காதில் விழுந்தால் 1098-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையான பயம் தந்தது மாத்திரை ஒன்றுதான். முதலில் இது யார் சொன்னது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இயக்கத்திலும் மருந்து பற்றிய எல்லை வேறு வேறு. 1924-ல் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கி, இன்று தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனில் மருந்தை விட்டுத் தெய்வீகச் சுகத்தை நம்பச் சொல்வது வெளிப்படையான போதனை. யெகோவாவின் சாட்சிகள் ரத்தம் ஏற்ற மறுப்பார்கள், ஆனால் மாத்திரை, ஊசி, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் போவார்கள். பல சிறு கூட்டங்களிலோ தலைவர் மாத்திரையை நிறுத்து என்று சொல்லியே இருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா சாட்சி சொல்லியிருப்பார்: 'நான் மாத்திரையை விட்டேன், ஒண்ணும் ஆகலை.' அதைக் கேட்டு நாலு பேர் விட்டிருப்பார்கள். நான் பார்த்த இடங்களில் இதுதான் அதிகம். அப்படியென்றால் தலைவரிடமே போய், அம்மா முன்னால், 'டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போடலாமா கூடாதா' என்று மரியாதையாகக் கேட்பது பெரிய உதவி. போடக் கூடாது என்று எல்லோர் முன்னும் சொல்லும் துணிச்சல் பலருக்கு இருக்காது. சொல்லிவிட்டால், அவரைப் பற்றி உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக நோட்டீஸ் அடித்து விளம்பரம் செய்தால் 1954-ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். மந்திரம், தாயத்து என்று சொல்லி விளம்பரம் செய்தாலும் குற்றம்தான். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் இருப்பது போன்ற தனி மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதோடு, அம்மா வயது வந்தவர். எதை நம்புவது என்பது அரசியல் சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை. போலீஸை வைத்து அவர் நம்பிக்கையை மாற்ற முடியாது. அறையில் பூட்டிவைத்து மனதை மாற்றும் வேலையை எழுபதுகளில் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள்; அது வழக்குகளில்தான் போய் முடிந்தது. யாராவது அப்படி யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் பேசும்போது விஞ்ஞானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் நிற்கும் இடத்திலிருந்தே பேசலாம். அந்தக் கூட்டத்தில் பைபிள் வாசிக்கிறார்கள் என்றால், சுவிசேஷம் எழுதிய லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்று பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் அழைக்கிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு என்றதும் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்கிறார், நம்பிக்கை குறைந்தவனே என்று திட்டவில்லை. சித்தர் பாட்டு என்றால் இன்னும் எளிது. சித்தர்கள் பாதிக்குப் பாதி பாடியதே மருந்தைப் பற்றித்தான். ஒளி உடம்பைப் பேசிய வள்ளலாரே கரிசலாங்கண்ணி, தூதுவளை என்று மூலிகைகளின் குணம் எழுதி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தவர். மருந்து சாப்பிடுவது சாமியைச் சந்தேகப்படுவது ஆகாது என்று அம்மா நம்பும் மரபுகளுக்குள்ளேயே சொல்ல இடம் இருக்கிறது. இதை நீங்கள் சொன்னால் எடுபடாமல் போகலாம். அம்மா மதிக்கும் ஒரு பெரியம்மாவோ, பழைய மன்றத் தோழியோ சொன்னால் எடுபடும். அந்தத் தோழிகளோடு இன்னும் தொடர்பு இருந்தால் அறுந்துபோக விடாதீர்கள். என்றைக்காவது அம்மா வெளியே வந்தால் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

மாத்திரை விஷயத்தையும் கூட்ட விஷயத்தையும் ஒன்றாகப் பேசாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 'கூட்டத்துக்குப் போங்கம்மா, நானே பைக்கில் விட்டுட்டு வர்றேன், மாத்திரை மட்டும் போடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், மாத்திரை போடுவதே கூட்டத்துக்குத் துரோகம் என்று ஆகிவிடும். 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பெண் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பிள்ளை சொன்னால் கேட்காத அம்மா, வாசலில் வந்து உட்கார்ந்து பேசும் ஒரு பெண் சொன்னால் விரலைக் குத்திப் பார்க்கச் சம்மதிப்பார். மூன்று மாதம் விட்ட பிறகு பழைய மாத்திரையைப் பழைய அளவில் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும். அதுவரை தினமும் கால் பாதத்தில் புண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு. தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது, பேச்சு குழறுவது, கூப்பிட்டால் தூக்கக் கலக்கமாகவே இருப்பது. இதில் எதைப் பார்த்தாலும் நம்பிக்கையைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆம்புலன்ஸில் அம்மா ஜெபிக்க விரும்பினால் கூட உட்கார்ந்து நீங்களும் ஜெபியுங்கள். எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்பதை மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.